மதினியின் வாயில் வராத ‘கோ’

இங்கிலீஷில் ‘கோ’ என்று ஒரு வார்த்தை. எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். குற்றாலத்துக் கல்லூரியில் மூன்று வருஷம் இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்தவள் நான், அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. போ, போனான், போவான், இவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன். அதன் வண்டவாளமெல்லாம் எனக்குத் தெரிய வந்தது, என் மதினி பரீட்சைக்குப் படித்த அந்த சீசனில்தான்.

மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாய் என்றால் அப்படி ஒரு வாய். பெரிய டாக்டரே அவள் வார்டுக்குள் நுழையும் முன்னால் செருமிவிட்டுத்தான் நுழைவார். அண்ணன் வளைகுடாவில் கட்டட வேலை பார்த்தவன். சாரம் சரிந்து விழுந்ததில் முதுகெலும்பில் அடிபட்டு ஊர் வந்து சேர்ந்தான். கால்களில் வலு இல்லை, கட்டிலும் சக்கர நாற்காலியும்தான். இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் ஆறாம் வகுப்பு, சின்னவள் இரண்டாம் வகுப்பு. வீடு மேலகரத்தில். மாடியறையில் நான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் பில் போடுகிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று யோசிப்பதற்கு ஊரில் நிறைய பேர் இருப்பதால் நான் யோசிப்பதில்லை.

வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரி மதினியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. கொஞ்ச காலம் கழித்துக் குடும்பத்தையும் கூட்டிக்கொள்ளலாம். அங்கே கொடுக்கிற பயிற்சியைத் தொடர்ந்து கொடுத்தால் அண்ணன் ஊன்றுகோல் பிடித்தாவது நடப்பான் என்று டாக்டர் சொன்னதிலிருந்து மதினிக்கு வேறு நினைப்பே இல்லை. குறுக்கே நின்றது ஒன்றே ஒன்றுதான், நர்ஸ்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை. எழுதுவது, படிப்பது, கேட்பது எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். பேச்சில் மட்டும் இரண்டு முறை தோற்றாள். இந்தத் தடவையும் இல்லை என்றால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மெயில் வந்துவிட்டது.

ஊரையே பேசிச் சமாளிக்கிறவள் பேச்சில் தோற்றாள் என்றால் யாராவது நம்புவார்களா? வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லிட்டரேச்சர் படித்த பாவம், நான்தான் அவளோடு பேசிப் பழக வேண்டும் என்று முடிவாயிற்று.

பேசத் தொடங்கிய முதல் வாரமே மதினிக்கு ‘கோ’வோடு சண்டை.

“ஏட்டி, பால் திரிஞ்சாலும் கோ, மணி அடிச்சாலும் கோ, குண்டு வெடிச்சாலும் கோ. வெள்ளக்காரன் என்ன, ஒரே சட்டியிலயே கொழம்பும் வச்சு, காப்பியும் போட்டு, அதுலயே தண்ணி மோந்து குளிக்கவும் செய்வானோ?”

“நம்ம ‘போ’ மட்டும் சும்மாவா மதினி? கரண்டு போவுது, மானம் போவுது, உப்பு கரைஞ்சு போவுது.”

“அது நம்ம வீட்டுப் பிள்ள. என்ன சேட்டை பண்ணினாலும் எனக்குத் தெரியும். இது ஊரான் வீட்டுப் பிள்ளைலா!”

ஆனால் விடுகிற ஆள் இல்லை அவள். ஒரு நாளைக்கு ஓர் உபயோகம் என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்குக் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் அதையே போட்டுத் தாளிப்பாள். ஆள் கிடைப்பதற்குப் பஞ்சமே இல்லை. குற்றாலத்துக்குப் போகிற ரோட்டில் வீடு இருந்தால் சீசனில் என்ன ஆகும் என்று எங்களைப் போன்றவர்களைத்தான் கேட்க வேண்டும். சாரல் விழ ஆரம்பித்தால் போதும், மற்ற மாதங்களில் நம்மை மறந்துவிட்ட சொந்தமெல்லாம் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வந்து இறங்கும். அருவியில் குளிப்பார்கள், பசியோடு வருவார்கள், ஈரத்துணியைக் கொடியில் இடம் போதாமல் ஜன்னல் கம்பி, நாற்காலி முதுகு, டி.வி. ஸ்டாண்டு என்று கண்ட இடத்திலும் போடுவார்கள். ஒன்றும் காயாது. வீடே முக்கால் பங்கு நனைந்துதான் கிடக்கும்.

அந்த வருஷம் வந்தது சென்னையில் இருக்கிற சித்தப்பா, சித்தி, அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வந்த அன்றைக்குச் சாயங்காலம் சித்தப்பா காப்பி கேட்டார். மதினி அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, “சித்தப்பா, த மில்க் ஹேஸ் கான் ஆஃப். யூ வில் ஹேவ் டு கோ விதவுட் காப்பி” என்றாள். பால் திரிந்துவிட்டது, காப்பி இல்லாமல்தான் சமாளிக்க வேண்டும் என்று அர்த்தம்.

சித்தி சித்தப்பாவின் கையைப் பிடித்தாள். “என்னங்க, வந்த அன்னிக்கே நம்மளைக் கெளம்பச் சொல்றாளா?”

கட்டிலில் கிடந்த அண்ணன் சிரித்த சிரிப்பில் எனக்கே பயம் வந்துவிட்டது. விழுந்து வந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

எனக்கும் மெல்ல மெல்ல அந்த வார்த்தையின் மேல் ஒரு மதிப்பு வந்தது. காய்ச்சல் இறங்கினால் கோஸ் டவுன். வலி விட்டால் கோஸ் அவே. மருந்துச் சீட்டை நோயாளியோடு சேர்ந்து சரிபார்த்தால் கோ ஓவர். ஒருத்தர் பெரிய கஷ்டத்தைத் தாண்டி வந்தால் கோ த்ரூ. இவ்வளவு சின்ன வார்த்தை, என்ன சுமையைத் தூக்கி வைத்தாலும் முனங்காமல் தூக்குகிறது. மதினி அதையெல்லாம் மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் தன் வார்டில் ஓர் ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டாள். கோ டவுன் என்றால் கடையநல்லூரிலிருந்து டெங்கு காய்ச்சலோடு வந்த அக்கா, கோ த்ரூ என்றால் சுந்தரபாண்டியபுரத்தில் டிராக்டர் கவிழ்ந்து பிழைத்த அண்ணாச்சி. கேட்டால் பட்டென்று வரும். இப்படி ஒரு வழி எங்கள் கல்லூரியில் யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான். கெட்டிக்காரி.

பரீட்சையில் பேச்சு எப்படி என்றால், கம்ப்யூட்டர் திரையில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். அடுத்தடுத்து இரண்டு சீட்டு, ஒவ்வொன்றிலும் என்ன நிலைமை என்று போட்டிருக்கும். அதன்படி நாம் நர்ஸாகப் பேச வேண்டும். வீட்டில் நோயாளி நான். நாய் வேஷம் போட்டால் குரைக்கத்தானே வேண்டும்! ஒரு நாள் எனக்கு ஆஸ்துமா, ஒரு நாள் கால் ஒடிந்திருக்கும், ஒரு நாள் பிரசவ வலி. அண்ணன் கட்டிலில் கிடந்தபடியே மார்க் போடுவான். பிரசவ வலிக்கு எனக்குத்தான் அவன் மார்க்கைக் குறைத்தான்.

பிறகு ஒரு நாள் அந்தச் சீட்டு வந்தது. நோயாளி குணமாகி வீட்டுக்குக் கிளம்புகிறார், விவரம் சொல்லி அனுப்ப வேண்டும். மதினி மாத்திரையை எப்போது சாப்பிடுவது, எதைச் சாப்பிடக் கூடாது, புண்ணில் தண்ணீர் படாமல் எப்படிக் குளிப்பது என்று அருவி மாதிரிக் கொட்டினாள். நான் எழுந்தேன், பையைத் தோளில் மாட்டினேன், அவள் முகத்தைப் பார்த்தேன். மதினி சட்டென்று எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் விரிப்பை நீவிவிட ஆரம்பித்துவிட்டாள்.

“என்ன மதினி, ஆளு கெளம்பி நிக்கேன், நீங்க வாயடச்சு நிக்கிய?”

“ம்.”

“‘யூ ஆர் குட் டு கோ’, நீங்க கெளம்பலாம்னு சொல்லணும்லா? இல்ல ஒரு ‘பை’யாவது சொல்லுங்க.”

“அதெல்லாம் ஆஸ்பத்திரில சொல்லக் கூடாதுட்டி.”

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை, ‘போயிட்டு வாரேன்’தான். ஆஸ்பத்திரியில் மட்டும் அதுவும் கிடையாது. அங்கே போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்றால் யார் ரசிப்பார்கள்? அதனால் டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். அதுவரை பெற்ற தாய் மாதிரிப் பார்த்துக்கொண்ட நர்ஸும் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி வேலை செய்வாள். யாரும் யாரையும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. “மதினி, முந்தி பரீட்சையில என்ன பண்ணுனிய?”

“ஒரு தடவை இதே சீட்டு. இன்னொரு தடவை வேற சீட்டு, ஆனா கடைசில அந்த ஆளு ‘கெளம்பட்டுமா’ன்னு கேட்டுட்டாரு.”

“அதுக்கு?”

“திரும்பிக்கிட்டேன்.”

“கேமராவுக்கு முதுகக் காட்டுனியளா?”

“காட்டுனேன். அதுக்கு இப்ப என்னங்கிய?”

‘என்னங்கிய’ என்று கிண்டலாக மரியாதை கொடுத்தாள் என்றால் அவளுக்குக் கோபம் என்று அர்த்தம். எனக்கு அதைவிடக் கோபம். ஒரு நாளைக்கு நூறு தடவை ‘சவத்த மூதி’ என்று பிள்ளைகளை வைகிற வாய்க்கு, ‘குட் டு கோ’ என்று ஒரு மூன்று சொல் வராதா? படித்த நர்ஸ்தானே நீங்கள், மாத்திரையை நம்புவீர்களா, வாய் வார்த்தையை நம்புவீர்களா என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து சித்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அண்ணன்தான் பேசினான். “ஏட்டி, அவள வையாத. என்னாலதான் அவ சொல்ல மாட்டேங்கா.”

மதினியின் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் முடிந்து அவனை வீட்டுக்கு அனுப்பிய அன்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு நர்ஸ் பெண் வாசல் வரைக்கும் ஓடி வந்து, “போயிட்டு வாங்கண்ணே” என்று சிரித்தபடி கையசைத்தாளாம். பாவம், பாசத்தில்தான். அந்த வாரமே புண்ணில் சீழ் பிடித்து அண்ணன் அதே கட்டிலுக்குத் திரும்பிப் போனான். முதலில் கொஞ்சம் அசைந்துகொண்டிருந்த கால் அதற்கப்புறம்தான் அசைவற்றுப் போனது.

“அந்தப் பிள்ள வாயினால ஒண்ணும் வரல, கிருமியினாலதான் வந்துச்சு. எனக்குத் தெரியும்ட்டி” என்றாள் மதினி. விரிப்பை இன்னும் நீவிக்கொண்டுதான் இருந்தாள். “தெரிஞ்சு என்ன செய்ய? கெளம்புத ஆளு மொகத்தப் பாத்தா எனக்கு ஒங்க அண்ணன் மொகம்தான் தெரியுது. வாய் வர மாட்டேங்கு.”

ஆனால் பரீட்சை காத்திருக்காதே. மறுநாளிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிப் பழகினாள். மிக்ஸியிடம் சொன்னாள், விளக்குமாற்றிடம் சொன்னாள், கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் தலை மறைந்ததும் வாசல் கேட்டிடம் சொன்னாள். மனுஷ முகத்தைப் பார்த்து மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

பரீட்சை அன்று கம்ப்யூட்டரை என் மாடியறையில் வைத்தோம். சத்தம் கேட்டால் பரீட்சையை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லியிருந்ததால், விருந்தாளிகள் எல்லோரையும் வேனில் ஏற்றி ஐந்தருவிக்கு அனுப்பினேன். மத்தியானம் வரைக்கும் வந்துவிடாதீர்கள், மங்குஸ்தான் வாங்கித் தின்றுகொண்டு அங்கேயே இருங்கள் என்று சித்தப்பாவிடம் கெஞ்சாத குறை. நான் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே மதினியின் குரல் கணீரென்று கேட்டது. முதல் சீட்டு நன்றாகவே போனது.

இரண்டாவது சீட்டு ஆரம்பிக்கிற நேரம், வாசலில் வேன்.

நான் விழுந்தடித்து ஓடினேன். “தண்ணி கூடிருச்சும்மா, போலீஸ்காரங்க விசிலடிச்சு எல்லாரையும் வெரட்டிட்டாங்க” என்று சித்தப்பா உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். நான் அவர் வாயையே பொத்திவிட்டேன். வயசுக்கு மரியாதை எல்லாம் அப்புறம். பேரப்பிள்ளைகளைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தேன். வீட்டுக்குள் ஏறினால் சத்தம் கேட்கும். அதனால் எல்லோரும் நனைந்த துண்டோடு முற்றத்திலேயே நின்றார்கள். சாரல் வேறு பெய்துகொண்டிருந்தது. மேலே என் அறை ஜன்னல் சரியாகச் சாத்தாது. மதினி பேசுவதும் கம்ப்யூட்டரிலிருந்து வருகிற குரலும் எங்களுக்கு நன்றாகக் கேட்டன.

“என்னம்மா சொல்றாங்க?” என்று சித்தப்பா என் காதில் கேட்டார்.

“ஒரு வயசான அம்மா. ஒடம்பு சரியாயிட்டு, வீட்டுக்கு அனுப்புதாவ. ஆனா அங்க ஆளே கெடையாது, போவப் பயமா இருக்கு, இங்கனயே இருந்துக்கிடட்டான்னு கேக்காவ.”

எந்தச் சீட்டு வரக் கூடாது என்று ஊரில் உள்ள சாமியை எல்லாம் கும்பிட்டேனோ அதே சீட்டு. மதினி மாத்திரை விவரமெல்லாம் சொல்லி முடித்தாள். அந்த அம்மா, சரி, அப்படியானால் நான் கிளம்பட்டுமா என்று கேட்டார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முதுகைக் காட்டிவிடாதே தாயே, ஒரே ஒரு தடவை சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். சித்தப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் கையைக் கூப்பிக்கொண்டார், எதற்கென்று தெரியாமலே.

பிறகு மதினி பேசினாள். நிதானமான, சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்கள். அவள் சொன்னது இதுதான்.

“அம்மா, எங்கள் ஊரில் வீட்டுக்குக் கிளம்புகிற நோயாளிக்கு நர்ஸ் விடை சொல்ல மாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உங்களைப் பிடிக்காமல் இல்லை. இந்தக் கட்டிலில் உங்களை இனிமேல் பார்க்கக் கூடாது என்பதற்காக. என் வீட்டுக்காரரைக் கூட அப்படித்தான் அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பாமல் விட்டோம். இப்போது நானும் திரும்பிக்கொள்ளப் போகிறேன், அதனால் முன்னாலேயே உங்களிடம் சொல்கிறேன். நாளைக்குக் காலையில் நானே உங்களுக்குப் போன் செய்வேன். பக்கத்து வீட்டில் யாரோடு பேசலாம் என்று சொல்லுங்கள், அவர்களிடமும் பேசுகிறேன். பயமாக இருந்தால் எந்த நேரமும் என்னைக் கூப்பிடுங்கள். இந்த வாசலுக்கு மட்டும் வராதீர்கள்.”

அப்புறம், “தேங்க் யூ, சிஸ்டர்” என்று அந்தக் குரல் சொன்னது. நடிப்பா நிஜமா என்று எனக்குத் தெரியாது, குரல் மட்டும் இறங்கியிருந்தது.

சித்தப்பாவுக்கு நான் எல்லாவற்றையும் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சித்தி ஈரத்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கண் மறைத்தது. இவ்வளவு நாளும் அவள் வாயைப் பூட்டி வைத்திருந்த விஷயத்தையே எடுத்து, ஒரு அந்நிய மனுஷிக்கு ஆறுதலாகக் கொடுத்துவிட்டாளே! எனக்கு அவளை நினைத்து அப்படி ஒரு பெருமையாக இருந்தது. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, இவள் என் மதினி என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

மதினி படியிறங்கி வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. “ஏட்டி, நீ சொல்லித் தந்தத நான் சொல்லல. மூணாவது தடவையும் போச்சு.”

“சவத்த விடுங்க மதினி” என்றேன். அவளைக் கட்டிக்கொண்டேன்.

முடிவு வருவதற்குள் விருந்தாளிகள் ஊருக்குப் போய்விட்டார்கள். சாரலும் குறைந்து, துணிகள் ஒருவழியாகக் காய ஆரம்பித்திருந்தன. ஒரு காலை நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மதினியின் போனில் மெயில் வந்தது. அவளுக்குத் திறக்கப் பயம். என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள்.

பாஸ். பேச்சில்தான் எல்லாவற்றையும்விட அதிக மார்க்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அண்ணன் நாற்காலிக் கையைப் படபடவென்று தட்டினான். பெரியவள் அம்மாவைத் தூக்கிச் சுற்றப் பார்த்தாள். மதினி சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“என்ன மதினி, சந்தோசமா இல்லையா?”

“ஏட்டி” என்றாள். குரலே அவளுடையது மாதிரி இல்லை. “பாஸாவணும், பாஸாவணும்னே நெனச்சிட்டு இருந்துட்டேன்லா. போவணும்னு நெனைக்கவே இல்லையே. இவ்வளவு பேரையும் இங்கன விட்டுட்டு நான் போவணுமேட்டி.”

அண்ணன் நாற்காலியை மெதுவாக அடுப்படி வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்தான். சின்னவளுக்கு அப்போது பாதித் தலைதான் பின்னியிருந்தது, இன்னொரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. பிள்ளைகளின் தலையை மதினி வேறு யாரையும் தொட விடமாட்டாள், நான் பின்னினால்கூட அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவாள். அண்ணன் சின்னவளைக் கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்து, அவள் கையிலிருந்த சீப்பை வாங்கினான். கம்பி கட்டிக் காய்த்துப்போன கை. முடியை மூன்று காலாகப் பிரிக்கத் தெரியாமல் பிரித்து, ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னினான். வகிடு கோணிப் போயிற்று. சடை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. சின்னவள் அசையாமல் நின்றாள்.

மதினி எழுந்து போய் அந்தச் சீப்பை வாங்கவில்லை. கடைசி முடிச்சு விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ரிப்பன் அலமாரில ரெண்டாவது தட்டுல இருக்கு” என்று அவனிடம் சொன்னாள்.